பூசையில் வைத்த சுருள்

ஆவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வருவதென்றால் அறுபத்தாறாம் வருஷத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. பஸ் மாறி பஸ் ஏறி, இடையில் மரத்தடியில் காத்துக் கிடந்து, புழுதியைத் தின்றுகொண்டே வரவேண்டும். அப்படியும் ஜெபமாலை தனியாக வரவில்லை. கோயில் தெருவில் பாதியை இழுத்துக்கொண்டு முந்தின நாளே புறப்பட்டு, புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழுந்து, விஜயதசமியன்று காலையில் மின்சார சப்-ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கிவிட்டார். வெளுத்த வேட்டி, கழுத்தில் சிலுவை டாலர், கையில் குடை. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. குடை கௌரவத்துக்கு.

கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் ஒரே சேதியைத்தான் சொன்னார். "எம் மக அடைக்கலம் போட்ட கணக்குலதான் இன்னைக்கு இந்தச் சீமைக்கே வோல்டேஜ் ஏறப்போகுது. கிண்டியில படிச்ச புள்ளைங்க. மெட்ராஸ்லேருந்து மின்சார போர்டுப் பெரியவர் வர்றாரு. மைக்குல அவ பேரைச் சொல்லுவாங்க."

உழுது தின்கிறவர் வீட்டில் பிறந்த பெண் இன்ஜினியர் ஆனால் பெற்றவர் நாலு இடத்தில் சொல்லத்தான் செய்வார். சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவர் என்ன சாமியாரா?

அடைக்கலமேரி திருச்சி மின்சார போர்டு ஆபீசில் ஜூனியர் இன்ஜினியர். அங்கே பேண்ட் போடாத இன்ஜினியர் அவள் ஒருத்திதான். சேர்ந்த நாளிலிருந்து பிறத்தியார் வரைந்த படத்தைச் சரிபார்க்கிற வேலையே அவள் மேசைக்கு வந்தது. இந்தத் தடவைதான் முதன்முதலாக ஒரு வேலை முழுசாக அவள் தலையில் விழுந்தது. படத்தின் மூலையில் அவள் பெயர். நல்லபடி முடிந்தால் அடுத்த வேலை வரும். பிசகினால் "பொம்பளை போட்ட கணக்கு வேற எப்படி இருக்கும்" என்பார்கள், அதோடு பழையபடி அடுத்தவன் படத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். யாரும் இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வேலை இதுதான். அறந்தாங்கிக்குத் தெற்கே மணமேல்குடி வரைக்கும் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கூடக்கூட வோல்டேஜ் இறங்கியது. கம்பியின் கடைசியில் இருக்கிறவனுடைய மோட்டார் தண்ணீரை இழுக்கத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு நின்று, முனகி முனகிச் சூடேறி, உள்ளே கம்பிச் சுற்று கருகிப் போனது. அதற்குத்தான் முந்தின வருஷம் சப்-ஸ்டேஷனின் திறந்தவெளி யார்டில் ஒரு வரிசை கெப்பாசிட்டர்களை வைத்தார்கள். தகரப் பெட்டி தகரப் பெட்டியாக நிற்கும், சரிந்து போகும் வோல்டேஜுக்குத் தோள் கொடுக்கும். அந்த ஒரு வரிசை போதாமல் போகவே பக்கத்திலேயே இரண்டாவது வரிசை. அதைச் சேர்க்கவும் வெட்டவும் ஒரு பிரேக்கர், அதாவது எண்ணெய்த் தொட்டிக்குள் முழுகி நிற்கிற பெரிய சுவிட்சு. சென்னையிலிருந்து வரும் பெரியவர் அதன் கைப்பிடியைத் திருப்பி அன்று தொடங்கி வைக்கவேண்டும்.

போன வாரம் வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போயிருந்த அடைக்கலமேரி, அன்று காலை ஜீப்பில் வந்து இறங்கியதும் முதலில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் யார்டைப் பார்த்தாள்.

யார்டு என்றால் அது ஃபோர்மேன் திருப்பதியின் யார்டு. அங்கே ஜல்லிக்கல்லின் மேலேயே இலை போடாமல் சோறு தின்னலாம் என்று லைன்மேன்கள் சொல்வார்கள். ஒரு புல் முளைக்க விடமாட்டார். முந்தின நாள் ஆயுத பூசை வேறு. கேட்கவேண்டுமா? கம்பங்களுக்கெல்லாம் வெள்ளிப் பெயிண்டு, தொட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு, வேலியெங்கும் மாவிலை, கேட்டில் வாழைமரம். கல்யாண வீடு தோற்றது.

அடைக்கலமேரி பார்த்துக்கொண்டே வந்தவள் புதிய பிரேக்கருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். பிரேக்கரிலிருந்து இரண்டாவது வரிசைக்குப் போகிற மூன்று கம்பிகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஓடின. அங்கே கம்பிக்கு ஒன்றாக மூன்று செப்புச் சுருள் தொங்கவேண்டும். அவள் வரைந்து, கனமான செப்புக் கம்பியைச் சுற்றவைத்து, போன வாரம் அவள் கண்முன்னால் மாட்டிய சுருள்கள். ஒன்றையும் காணோம்.

தேடவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கண்ட்ரோல் ரூம் மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பானர், கட்டிங் பிளேயர், கயிறு, ஏணி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், விளக்கி வைத்த குத்துவிளக்காகப் பளபளத்துக்கொண்டு, மூன்று சுருளும் உட்கார்ந்திருந்தன. நடுச்சுருளின் குழிக்குள் பொரிகடலை நிரப்பியிருந்தார்கள்.

"திருப்பதியண்ணே, இதை ஏன் கழட்டுனீங்க?"

திருப்பதிக்கு முகமெல்லாம் பல். கேட்பாளென்றே காத்திருந்தவர் போல வந்தார். "அதுவாம்மா? காண்ட்ராக்டர் ஆளுக மிச்சக் கம்பிய வெட்டாமச் சுருட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிருக்கானுங்க. பெரியவர் வார எடத்துல அப்பிடித் தொங்குனா நம்ம யார்டுக்கு அழகா? நேர்க்கம்பி போட்டு முடுக்கிட்டேன். நல்ல செம்பும்மா, ஒதுக்கிப்போட மனசு வரலை. புளி போட்டு வெளக்கி ஆத்தாகிட்ட வச்சுட்டோம்."

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கம்பியில் தொய்வு ஆகாது என்பதுதான் லைன் வேலையில் ஒருவன் படிக்கிற முதல் பாடம். சுருண்டு தொங்கும் கம்பியைக் கண்டால் நல்ல லைன்மேனுக்குக் கை சும்மா இருக்காது. சுருளை மாட்டிய அன்று திருப்பதி மணமேல்குடிப் பக்கம் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தப் போயிருந்தார். அது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடைக்கலமேரியும் சொல்லவில்லை. படத்தில்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"அது மிச்சக் கம்பி இல்லண்ணே" என்றாள். "அது இல்லாம இந்த பிரேக்கரைப் போடக் கூடாது."

திருப்பதியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

டிவிஷனல் இன்ஜினியர் ஆத்மநாதன் அதற்குள் வந்துவிட்டார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் விழா என்றால் மட்டும் அவருக்குக் கைகால் உதறும். மாலை வந்ததா, மைக் பேசுகிறதா, பெரியவர் கார் அறந்தாங்கியைத் தாண்டிவிட்டதா என்று அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தவரை அடைக்கலமேரி நிறுத்திச் சங்கதியைச் சொன்னாள். அவர் பிரேக்கரின் பித்தளைத் தகட்டைக் காட்டினார்.

"நானூறு ஆம்பியர்னு எழுதியிருக்கு. கெப்பாசிட்டர் இழுக்கறது அறுபத்துச் சொச்சம். யானைக்கு முன்னால எலி. அப்புறம் என்னம்மா பயம்?"

"அது நிதானமா ஓடுற கரண்டுக்கு சார். சேர்க்கிற நிமிஷத்துல பாயுறது வேற கணக்கு. முதல் வரிசை தனியா இருந்தப்ப பிரச்சினை இல்ல. லைன்ல இருந்து வர்றது அத்தனை தூரத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தாண்டி, அடங்கித்தான் வரும். இப்ப பக்கத்துலயே முதல் வரிசை நெறஞ்சு நிக்குது. இதைப் போட்டதும் அதுல இருக்கிறது பூராவும் இதுல பாயும். நடுவுல நாலடிக் கம்பி, தடுக்க ஒண்ணுமில்ல. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள பதினாறாயிரம் ஆம்பியர் அடிக்கும். இந்த பிரேக்கர் தாங்குறது ஆறாயிரம். சுருள் இருந்தா அஞ்சாயிரத்துல அடங்கிரும். அதுக்குத்தான் சார் சுருள்."

அந்தப் படத்தில் ஆத்மநாதனும் கையெழுத்துப் போட்டவர்தான். "ஒரு தடவை தாங்காதா?" என்றார்.

"தாங்கலாம். உள்ள காண்டாக்ட் உருகி ஒட்டிக்கலாம். எண்ணெய் கொதிச்சுத் தொட்டி வெடிக்கவும் செய்யலாம். பெரியவர் தொட்டிக்குப் பக்கத்துல நின்னுதான் கைப்பிடியைத் திருப்பப் போறாரு."

ஆத்மநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"சரி, ஒண்ணு செய்வோம். முதல் வரிசையை ஆஃப் பண்ணிருவோம். பெரியவரு ரெண்டாவதைப் போடட்டும். தனியாத்தானே போடுறோம், ஒண்ணும் ஆகாது. படம் எடுத்துக்குவாங்க, கைதட்டுவாங்க, போயிருவாங்க. நாளைக்கு நிதானமா சுருளை மாட்டிக்கலாம். உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது."

கணக்குப்படி அதில் பிழையில்லை. அடைக்கலமேரிக்கு அது நன்றாகத் தெரிந்தது, அதுதான் தொந்தரவு. ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகவே இருந்தது. பந்தலில் முன் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் மேடையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆவூர்க்காரர்கள் அத்தனை பேரும் சப்-ஸ்டேஷனை ஏதோ அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெருமை அப்படியே பஸ் ஏறி ஊர் போய்ச் சேரும்.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் சுற்றுவட்டாரத்து விவசாயச் சம்சாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மாலைக்கும் மைக்குக்கும் வந்தவர்களில்லை. வோல்டேஜ் ஏறுவதைப் பார்க்க வந்தவர்கள். ஒன்றை அணைத்து ஒன்றைப் போட்டால் வோல்டேஜ் மீட்டரின் ஊசி இருந்த இடத்திலேயே இருக்கும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மோட்டாரைப் போடுவார்கள், அது பழையபடி முனகும். அதுமட்டுமா? ரெண்டும் தயார் என்று ஊரெல்லாம் தெரிந்தபின், சாயங்காலமே எவனாவது ஒருத்தன், இதை ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று முதல் வரிசையையும் சேர்த்துவிடுவான். அப்போது தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது பெரியவராக இருக்காது, ஏதாவது ஒரு லைன்மேனாக இருக்கும்.

"அது ஏமாத்து வேலை சார்" என்றாள். "சுருள மாட்டாம இதைப் போட நான் சரி சொல்ல மாட்டேன்."

"நான் உத்தரவு போட்டா?"

"போடுங்க சார். எழுதிக் குடுத்துட்டுப் போடுங்க."

ஆத்மநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்தது. எழுதித் தருகிற துணிச்சல் மட்டும் வரவில்லை. "அப்ப நீங்களே போய் மைக்குல சொல்லிக்கங்க" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற காரை நோக்கி ஓடினார்.

அவர் கோபத்தில் சொன்னதை அவள் நிஜமாகவே செய்வாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பெரியவர் மாலை போட்டு உட்கார்ந்ததும் அடைக்கலமேரி மேடையேறி மைக்கைப் பிடித்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள், கையில் எண்ணெய்க் கறை. ஆவூர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றாள். "இப்ப சுவிட்ச் போட முடியாது. ஒரு வேலை பாக்கி இருக்கு."

கைதட்டல் பாதியில் நின்றது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்விடுமே என்று யாரோ சொன்னார்கள். செல்லமுத்து என்றொரு சம்சாரி, போன கோடையில் மோட்டார் கருகிக் கடலைக்காட்டைக் காயவிட்டவர், பின்னாலிருந்து எழுந்தார். "என்னம்மா வேலை பாக்கி? காலையிலேருந்து சோடிச்சு வச்சிருக்கீக, வாழைமரம் கட்டியிருக்கீக. பொண்ணு அழைச்சாச்சு, மாப்பிள்ளையக் காணோங்கிற கதையா இருக்கு."

பந்தலில் சிரிப்பு. ஜெபமாலை குனிந்து குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அது அடைக்கலமேரியின் கண்ணில் பட்டது. அவளுக்கு அப்போது கோபம்தான் வந்தது. நல்ல கோபம். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

"அண்ணே, உங்க ஊர்ல கண்மாய் இருக்கா?" என்றாள் செல்லமுத்துவிடம்.

"இல்லாம?"

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு கண்மாய். ஒண்ணு நெறஞ்சு தளும்புது, ஒண்ணு காஞ்சு கெடக்கு. நடுவுல இருக்கிற மடையை ஒரே தூக்கா தூக்கிட்டா என்ன ஆகும்?"

"மடையெங்க இருக்கும்? பலகை, கல்லு, தூக்குனவன் எல்லாத்தையும் சேர்த்து அடிச்சுக்கிட்டுப் போயிரும்."

"ஆத்துத் தண்ணி வாய்க்கால்ல வந்து நெறயிறப்ப அப்பிடிப் போகுமா?"

"அது எப்பிடிப் போகும்? அது மெல்லத்தான் வரும்."

"அவ்வளவுதாண்ணே. இந்த யார்டுல முத வரிசை நெறஞ்ச கண்மாய். ரெண்டாவது காஞ்ச கண்மாய். இன்னைக்குத் தூக்கப்போற மடைதான் அந்த எண்ணெய்த் தொட்டி. நிதானமா ஓடுற தண்ணி எவ்வளவு வந்தாலும் அது தாங்கும். ஒரே அடியா அடிக்கிற தண்ணிக்கு அதுக்கு ஒரு அளவு இருக்கு. அந்த அளவை மீறாம இருக்கத்தான் நடுவுல வளைச்சு வளைச்சு ஒரு வாய்க்கால் வேணும். அந்தச் சுருள் இன்னும் மாட்டலை. அதை மாட்டாம மடையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். தூக்கினா உங்களுக்கு வோல்டேஜும் கெடைக்காது, பெரிய ஐயா ஊர் போய்ச் சேர்றதும் சந்தேகம்."

கடைசி வார்த்தை அவள் சொல்ல நினைத்ததில்லை. வாயில் வந்துவிட்டது. பெரியவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

செல்லமுத்து பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். எல்லாரும் கண்மாய்க்காரர்கள். மடை அடித்துக்கொண்டு போன வருஷங்களை ஆளுக்கொன்று வைத்திருப்பவர்கள். "இதை மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சே இருக்க மாட்டனே" என்றார் அவர். "மாட்டுங்கம்மா. இருந்து பாத்துட்டே போறோம். வருஷம் பூராக் காத்தாச்சு, இன்னுங்கொஞ்ச நேரத்துல என்ன." ஜனம் முழுசும் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் மட்டும் எழுந்து போக முடியுமா? காத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு டம்ளர் மோர் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடைக்கலமேரி கண்ட்ரோல் ரூமுக்கு வந்தபோது லைன்மேன்கள் கைகட்டி நின்றார்கள். பூசையில் வைத்த ஆயுதம். மறுபூசை போட்டு எடுக்கும்வரை தொடக்கூடாது. மறுபூசைக்கு அறந்தாங்கியிலிருந்து ஐயர் மத்தியானம்தான் வருவார். விழா முடிந்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போட்ட ஏற்பாடு அது. சுருளும் பூசையில், அதை மாட்டுகிற ஸ்பானரும் பூசையில். பின்னாலிருந்து ஒருவன், "வேதக்காரப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்று, அவள் கிறிஸ்தவப் பெண் என்பதைக் குத்திக்காட்டி முணுமுணுத்தான்.

அவளுக்குக் கேட்டது. கேட்காதது மாதிரி இருந்தாள். கை நீட்டினால் ஸ்பானர் எட்டும் தூரம்தான். அவள் நீட்டவில்லை.

"திருப்பதியண்ணே, பூசை உங்களோடது. அதுல இருந்து எடுங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. சுருள் இல்லாம சுவிட்ச் போடக் கூடாதுங்கிறது மட்டும் என்னோடது. ஐயர் வர்ற வரைக்கும் இருக்கணும்னாலும் இருக்கேன்."

திருப்பதி அதுவரை சுவரோரமாக நின்றிருந்தார். மைக்கில் அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். வேலை பாக்கி இருக்கிறது என்றாளே தவிர, கழற்றியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. அத்தனை பேர் சிரித்தபோதும் சொல்லவில்லை. தன் வாயால் திருப்பதி என்றொரு பேரைச் சொல்லியிருந்தால் அவள் மேல் விழுந்த சிரிப்பு அத்தனையும் அவர் மேல் விழுந்திருக்கும். தன் யார்டைப் பற்றி ஒருத்தர் ஒரு சொல் சொன்னாலே மூன்று நாள் சோறு இறங்காத மனுஷர் அவர்.

அவர் சட்டையைக் கழற்றினார். தேங்காய் ஒன்றை எடுத்து உடைத்தார், கற்பூரம் ஏற்றினார். "ஆத்தா, நீ குடுத்த ஆயுதம். வேலைக்குத்தான் குடுத்த. வேலை வந்துருச்சு, எடுக்கறேன்" என்று உரக்கவே சொல்லிவிட்டு, பெரிய ஸ்பானரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் முணுமுணுத்தவன் பக்கம் திரும்பினார். "என்னடா பாக்குற? பொரிகடலையக் கொட்டிட்டு சுருளைத் தூக்குடா."

அப்புறம் நடந்தது வேலை. இரண்டாவது வரிசைக்குக் கரண்டு வரும் வழியையெல்லாம் பூட்டி, கம்பிகளைத் தரையோடு சேர்த்துக் கட்டி, அதன் பிறகுதான் அடைக்கலமேரி ஆட்களை ஏணியில் ஏறவிட்டாள். திருப்பதி அவரே ஏறினார். அவர் ஆசை ஆசையாய் முடுக்கிய நேர்க்கம்பிகளை அவரே அவிழ்த்தார். பந்தலிலிருந்த ஜனம் வேலியோரமாக வந்து நின்று, தேரோட்டம் பார்க்கிற மாதிரி பார்த்தது. வெயில் ஏறியது. ஒரு சமயம் தலைக்குமேல் நிழல் விழ, அடைக்கலமேரி திரும்பிப் பார்த்தாள். ஜெபமாலை வேலிக்கு வெளியே நின்று, குடையை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மைக்குல எம் பேரச் சொல்லலப்பா" என்றாள் அவள்.

"போ ஆத்தா" என்றார் அவர். "பேரச் சொல்ல ஆயிரம் பேரு. முடியாதுன்னு சொல்ல ஒருத்தியத்தான் பாத்தேன்." அவர் குரல் உடைந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

கடைசிச் சுருளின் போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்கிய திருப்பதி, "பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் இன்னும் கால் திருகு வேண்டும் என்றாள். அவர் முகம் சுளிக்காமல் மறுபடி ஏறினார். எல்லாம் சரியென்று ஆனபின் ஆட்களை வெளியே எண்ணி அனுப்பி, தரையோடு கட்டியதை அவிழ்க்கச் சொன்னாள்.

ஆத்மநாதன் மறுபடி விழாக்காரர் ஆனார். பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பிரேக்கரின் கைப்பிடிக்கு முன்னால் நிறுத்தினார். போட்டோக்காரர் மண்டி போட்டார். கைப்பிடிக்குப் பூட்டு இருந்தது. அதன் சாவி யார்டு வழக்கப்படி ஃபோர்மேன் கையில்.

"திருப்பதி, பூட்டைத் திறய்யா" என்றார் ஆத்மநாதன்.

திருப்பதி அசையவில்லை. காதில் விழவில்லையோ என்று ஆத்மநாதன் இன்னொரு தடவை சொன்னார். பெரியவரின் கை கைப்பிடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"கோச்சுக்கிறாதீங்க சார்" என்றார் திருப்பதி. சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "எஞ்சினியரம்மா சொல்லட்டும்."

ஆத்மநாதனின் முகம் சிறுத்தது. பிறகு அவரே, என்ன நினைத்தாரோ, ஒரு எட்டுப் பின்னால் வைத்து அடைக்கலமேரிக்கு வழி விட்டார். படத்தின் மூலையில் முதன்முதலாகத் தன் பெயரைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அவள் சுருள்களைப் பார்த்தாள், எண்ணெய்த் தொட்டியில் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள், யார்டுக்குள் ஆள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தாள். அவசரப்படவில்லை.

"திறங்கண்ணே" என்றாள்.

பூட்டுத் திறந்தது. பெரியவர் திருப்பினார். தொட்டிக்குள் கனமாக ஒரு "டுப்". அவ்வளவுதான். எண்ணெய் அசைந்து அடங்கியது. புகையில்லை, தீயில்லை. கண்ட்ரோல் ரூம் ஜன்னல் வழியே தெரிந்த வோல்டேஜ் ஊசி சாய்ந்த நிலையிலிருந்து கிளம்பி, மெல்ல மெல்ல ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் வந்து நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வயலில், அதுவரை முனகிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று குரல் மாறி ஓடத் தொடங்கியது. அதைக் கேட்டதும் செல்லமுத்து முதலில் கைதட்டினார். பிறகு பந்தல், பிறகு ஆவூர், பிறகு யார் யார் என்று தெரியவில்லை.

அத்தனை ஆரவாரத்திலும் பெரியவர் மட்டும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி, கழுத்தை மட்டும் திருப்பி அடைக்கலமேரியைப் பார்த்தார்.

"அம்மா, கையை எடுக்கலாமா?"

"எடுக்கலாங்க ஐயா" என்றாள் அவள்.